குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை

என் பெயரில் ஒரே ஒரு புத்தகம் வெளிவந்திருக்கிறது. படித்த நூல்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. அதைப் படித்தவர்கள் எனக்கு அனுப்பிய கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது ஒரு வரியை எடுத்துச் சொல்லிப் பாராட்டியிருப்பார்கள். அப்படிப் பாராட்டப்பட்ட வரிகளில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. இதை எழுத்தில் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நான் நிறையப் படிப்பவன். அதில் பொய் இல்லை. நகரசபை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெறும்வரை, மதிய உணவு இடைவேளையில் மேசைமேல் சோற்றுப் பாத்திரமும் புத்தகமும் சேர்ந்துதான் திறக்கும். சரித்திர நாவல், துப்பறியும் கதை, சுயசரிதை, கவிதை, பயணநூல், பேய்க்கதை, மொழிபெயர்ப்பு என்று எதையும் விட்டதில்லை. சமையல் புத்தகத்தைக்கூடப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதுகிறவர் படிக்கிறவரை நம்புகிறார். பல நாவலாசிரியர்களுக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை. பயணநூல்களில் எழுதியவர் வழி தவறிய பக்கங்கள் மட்டும்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. இந்த மாதிரி அபிப்பிராயம் சொல்ல இப்போது எனக்கு வருகிறது. அன்று வராது. எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மலையாள மண்ணில், மட்டாஞ்சேரியில், வெங்காய மண்டி ஒன்றின் மாடியில், எங்கள் தமிழ் வாசகசாலை இருந்தது. இப்போதும் இருக்கிறது. இரண்டு அறைகள், ஆறு அலமாரிகள், ஒரு நீள மேசை. கீழே மூட்டை இறக்கும்போது மேலே மேசை அதிரும். எங்கள் தாத்தா காலத்தில் இங்கே வேலைக்கு வந்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது. துப்புரவு வேலை, குழாய் வேலை, லாரி ஓட்டும் வேலை என்று பெரும்பாலும் நகரசபையை நம்பிய குடும்பங்கள். அவற்றில் சென்னைக்குப் போய்த் தமிழ் எம்.ஏ. படித்துத் திரும்பியவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் செயலாளர் ஆனேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தேன்.

எங்கள் வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு காகித உறை ஒட்டியிருக்கும். படித்து முடித்தவர் தன் அபிப்பிராயத்தை ஒரு சீட்டில் எழுதி அந்த உறைக்குள் போட்டுத் திருப்பித் தரவேண்டும். சீட்டு என்பது தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் வெற்றுப் பக்கம். கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அடுத்து எடுப்பவர் முதலில் சீட்டுகளைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தைப் பிரிப்பார். புதிதாக வரும் எந்தப் புத்தகத்துக்கும் முதல் சீட்டு செயலாளருடையது.

என் சீட்டுகள் இப்படி இருக்கும்: ‘மொழிநடை சிறப்பு. கருத்துவளம் மிக்கது.’ ‘சமுதாயத்துக்குப் பயன்படும் நூல்.’ ‘பெண்கள் படிக்கும் தரத்தில் உள்ளது, தவிர்க்கலாம்.’ சில புத்தகங்களுக்கு முன்னுரையை மட்டும் படித்துவிட்டு எழுதியதும் உண்டு. என் சீட்டைப் பார்த்துவிட்டுப் பலர் புத்தகத்தை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஒரு நாள், மூன்று பாகமாக வந்த ஒரு சரித்திர நாவலின் கடைசிப் பாகத்தைத் திருப்பி வாங்கி வைக்கும்போது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. எழுத்து மலையாளம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்தால் மொழி தமிழ். எங்கள் ஆட்களில் இது அதிசயமில்லை. இங்கே மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் தமிழைத் தாமாகவே முட்டிமோதிப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். கண் பழகிவிடும், கை பழகாது. சீட்டில் இப்படி இருந்தது:

‘மூணு பாகமும் படிச்சாச்சு. எல்லாரும் குதிரையில வர்றாங்க, குதிரையில போறாங்க. குதிரைக்கு யாரும் தண்ணி காட்டல.’

அந்த நாவலுக்கு என் சீட்டில் ‘தமிழனின் வீரத்தைப் பறைசாற்றும் காவியம்’ என்று எழுதியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு மலையாளச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் முதல் முறை.

அதன்பிறகு அந்தக் கையெழுத்தைத் தேட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும். ஒரு துப்பறியும் நாவலில்: ‘கொன்னவன் யாருன்னு இருபதாம் பக்கத்துல தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் கடைசிவரை படிச்சேன். செத்தவளுக்காக அழ அந்தப் புஸ்தகத்துல வேற ஆள் இல்ல.’ ஒரு பெரிய மனிதரின் சுயசரிதையில்: ‘இவரோட பொண்டாட்டி பேரு நூத்திப் பத்தாம் பக்கத்துல முதல் தடவையா வருது. அவங்க செத்த அன்னிக்கு.’ வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு நூலில்: ‘அஞ்சு மணிக்கு எழுந்தா ஜெயிக்கலாம்னு போட்டிருக்கு. நான் நாலரைக்கு எழுந்திருக்கேன்.’ நான் தவிர்க்கலாம் என்று எழுதியிருந்த ஒரு குடும்ப நாவலில்: ‘செயலாளருக்குப் புடிக்கல. நான் ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டாம் தடவ மாமியாருக்காக.’

பனி பெய்யும் நாடு ஒன்றிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட நாவலில் இருந்த சீட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். ‘பனி எப்படி இருக்கும்னு தெரியாது. அதனால ஐஸ் பிளாண்டுக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். இப்பப் புரியுது, அவ கதவத் தொறந்துவிட்டும் அவன் ஏன் உடனே பேசலன்னு. வாய் வராது.’

அந்த நாவலைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். அவன் ஏன் பேசவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. அந்தச் சீட்டுகள் வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே உறுப்பினர் அட்டையில் போய் வந்தவை. நகரசபைத் தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவரின் அட்டை. லாரியின் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். மூலைகள் ஈரத்தில் நெளிந்திருக்கும். நான் அவரைத் திட்டுவேன். ‘சாரே, தண்ணி லாரியில தீயா இருக்கும்?’ என்று சிரிப்பார். அலுவலகத்தில் டீசல் பில்லில் கையெழுத்து வாங்க என் மேசைக்கு வருபவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைப்பேன். அந்த மனிதருக்கா இந்த அபிப்பிராயங்கள்? எனக்குத் தாங்கவில்லை. ‘தாங்கவில்லை’ என்பதுதான் சரியான சொல். வேறு நயமான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழ், மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டது. முதல் கட்டுரைக்கு அந்தச் சரித்திர நாவலை எடுத்தேன். ஏழு பக்கம் எழுதியும் உயிர் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்த சீட்டு நினைவுக்கு வந்தது. ‘மூன்று பாகங்களிலும் எல்லோரும் குதிரையில் வருகிறார்கள், குதிரையில் போகிறார்கள்; குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை’ என்று நல்ல தமிழில் மாற்றி எழுதி, கட்டுரையின் முதல் வரியாக வைத்தேன். அந்த ஏழு பக்கமும் அந்த வரியின் பின்னால் தானாக ஒழுங்காக நின்றது. இதழ் வந்த வாரமே நான்கு கடிதங்கள். நான்கிலும் குதிரை.

ஒரு வரிதானே என்று அன்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே நினைத்தேன்.

கூடவே ஒரு பயம் வந்தது. புத்தகங்களின் உறையில் அந்தச் சீட்டுகளை யாராவது பார்த்துவிட்டு, பிறகு இதழையும் பார்த்தால்? சீட்டுகளை நான் உடனுக்குடன் எடுத்துக்கொண்டாலும், என் கண்ணில் படாமல் ஏதாவது தங்கிவிடலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவைக் கூட்டினேன். குழுவில் என்னைத் தவிர மூன்று பெரியவர்கள்; நான் சொன்னால் சரி என்பவர்கள். ‘தமிழ் வாசகசாலையில் மலையாள எழுத்தில் சீட்டு வருவது நம் மொழிக்கு அவமானம். இப்படியே விட்டால் நாளைக்குத் தமிழ் எழுத்தே இங்கே அழிந்துவிடும்’ என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். ஒருவர் கண் கலங்கினார். அன்று மாலையே ஒரு மரப்பலகையில் என் கையால் வெள்ளை வண்ணத்தில் எழுதி மாட்டினேன்: ‘அபிப்பிராயங்கள் தமிழ் எழுத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும். மற்றவை ஏற்கப்படா. செயலாளர்.’

அந்த வாரம் ஓட்டுநர் ஒரு கவிதைத் தொகுப்பைத் திருப்பித் தர வந்தார். பலகையைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “என்னா எழுதியிருக்கு சாரே?” என்றார்.

நான் படித்துச் சொன்னேன்.

“அப்ப அவ எழுதக்கூடாதா?”

“எவ?”

“எம் பொண்டாட்டிதான். பின்னே நானா சாரே எழுதினேன்? நான் லாரி நம்பர் மட்டும் படிப்பேன், அதுவும் எம் லாரி நம்பர். அவதான் தோப்பும்படியில இறால் கம்பெனிக்குப் போயிட்டு வந்து உக்காந்து படிப்பா. ஏழாங்கிளாஸ் வரைக்கும் மலையாளம். தமிழு அவளே படிச்சுக்கிட்டா, சினிமா நோட்டீஸ் பாத்து. படிப்பா, எழுத வராது. கைய வெட்டினாலும் வராதும்பா.”

இங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அவர் எழுதவில்லை என்று தெரிந்ததும் என் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. இறால் உரிக்கும் ஒரு பெண் என்று தெரிந்ததும் அது கூடியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது: அந்தப் பெண் அந்தச் சிற்றிதழைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

“எழுதக் கத்துக்கிட்டு எழுதச் சொல்லு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றேன்.

“சரி சாரே” என்றார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார். ஏற்கெனவே உறைக்குள் இருந்த சீட்டை எடுக்கப் போனார். பிறகு எடுக்காமல் விட்டுவிட்டுப் போனார். அதுதான் கடைசிச் சீட்டு. ‘புரியல. ஆனா ரெண்டு நாளா ஒரு வரி வாயிலயே இருக்கு, வெத்தல மாதிரி. துப்பவும் மனசில்ல.’

அந்த வரியும் என் புத்தகத்தில் இருக்கிறது. ‘கவிதை என்பது’ என்று தொடங்கி அழகுபடுத்தியிருக்கிறேன். அந்த அட்டையில் அதன்பிறகு யாரும் புத்தகம் எடுக்கவில்லை. ஓட்டுநர் வழக்கம்போல டீசல் பில்லுக்கு என் மேசைக்கு வந்தார், வழக்கம்போலச் சிரித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் நாற்பத்து மூன்று சீட்டுகள் இருந்தன. அவற்றை வைத்து நான்கு ஆண்டுகள் எழுதினேன். தீர்ந்ததும், உடல்நிலை சரியில்லை என்று இதழுக்கு எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

சென்ற ஆண்டு எனக்கு இரண்டு கண்ணிலும் அறுவை நடந்தது. சில வாரங்கள் படிக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். மதியங்களில் என் மனைவி எனக்குப் படித்துக் காட்டுவார். அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல ஓடும். அதே நேரத்தில் ஒரு பதிப்பாளர் என் பழைய புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய விரும்பிப் புது முன்னுரை கேட்டிருந்தார். ஆகவே மனைவி அந்தப் புத்தகத்தையே படிக்கத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து, கண் சொட்டு மருந்தின் சீட்டைத் தேடி அலமாரியைக் கிளறியவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து உட்கார்ந்தார்.

“இதென்ன, காலண்டர் தாளா சேத்து வச்சிருக்கீங்க?” என்றார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிக்க ஆரம்பித்தார். முதலில் சிரித்தார். ‘நான் நாலரைக்கு எழுந்திருக்கேன்’ என்ற இடத்தில் எதையோ தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு குதிரை வந்தது. குரல் நின்றது.

“இது முந்தாநாள் படிச்சோமே. உங்க புஸ்தகத்துல.”

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“இது உங்க கையெழுத்து இல்லையே. யாருது?”

கண்மேல் கட்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது. ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் அடுத்த சீட்டைப் படித்தார், அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் பக்கத்தைத் தேடி எடுத்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் யார் எழுதியது என்று நான் சொல்லியிருந்தேன். கடைசியில் டின்னை மூடிவிட்டுச் சொன்னார்: “முப்பது வருஷமா, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எங்க வீட்டுக்காரர் எழுதினது பாருங்கன்னு நானே எடுத்துக் கொடுத்திருக்கேன். அந்த அம்மா உயிரோட இருக்காங்களா?”

இருந்தார். சுள்ளிக்கலில், ஒரு சந்தின் கடைசி வீடு. ஓய்வு பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்து விலாசம் வாங்கினேன். கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆனதும், பிஸ்கட் டின்னையும் என் புத்தகத்தின் ஒரு பிரதியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பகல் பதினொரு மணிக்குப் போனேன். வாசலில் பழைய ஓட்டுநர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அய்யோ, சாரா? எந்தா சாரே, வழி தவறிட்டீங்களா?” என்றார். உள்ளே திரும்பி, “எடீ, டீசல் சார் வந்திருக்காரு” என்றார். அத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் என் பெயர் அதுதான் என்று தெரிந்தது.

அவர் மனைவி வெளியே வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். அவரை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. நாற்பத்து மூன்று முறை அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

“இருங்க சாரே. சாயா போடட்டா?”

“முதல்ல நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன்” என்றேன். போகிற வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். அதில் முன்னுரை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோனது. டின்னைத் திறந்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை எடுத்தது, கட்டுரையில் போட்டது, பலகை மாட்டியது, மாட்டும்போது மொழிப்பற்று என்று பேசியது, அவர்தான் எழுதினார் என்று தெரிந்தபிறகும் பலகையை எடுக்காதது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். “உன் எழுத்த இவரு அச்சுல போட்டாராமா?”

“அவரு பேருல போட்டாராம்.”

“ஓ” என்றார் அவர்.  “பின்னே நான் லாரி சீட்டுக்குக் கீழ வச்சுச் சொமந்தது இவருக்காகவா?”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் மனைவி டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் படித்தார். பிறகு இன்னொன்று. “இது நான் எழுதினது தப்பு சாரே” என்றார் திடீரென்று. அந்தச் சுயசரிதைச் சீட்டு. “அன்னிக்கு இவரோட சண்ட. அந்தக் கோபத்துல எழுதினேன். அந்த மனுஷன் பொண்டாட்டி பேர எழுதாம விட்டது வெக்கத்துலகூட இருக்கலாம். இத நீங்க புஸ்தகத்துல போட்டீங்களா?”

“போட்டேன்.”

“பாவம் அவரு” என்றார், இறந்துபோன அந்தப் பெரிய மனிதருக்காக.

நான் மறுபதிப்பைப் பற்றிச் சொன்னேன். முன்னுரையில் அவர் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னேன்.

“பேரு வேண்டாம். எம் மருமவ ஊர் முழுக்கப் படிச்சுக் காட்டுவா.”

“வேற என்ன செய்யட்டும்?”

அவர் உள்ளே போய் சாயா கொண்டுவந்து வைத்தார். “அதுக்கப்புறம் நான் தமிழ் படிக்கல சாரே” என்றார். “மலையாளம் படிக்கிறேன். இங்க லைப்ரரி இருக்கு, எல்லாம் படிக்கிறேன். தமிழ் படிச்சா அந்தச் சீட்டு ஞாபகம் வரும், எழுதணும்னு தோணும். எழுதக்கூடாதுன்னா பின்னே எதுக்கு? எங்க அம்மா பேசின பாஷையில யாரோ என்கிட்டக் கேக்கிற மாதிரி இருந்துச்சு, நீ என்ன நெனக்கிறேன்னு. அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இறால் கம்பெனியில யாரு கேப்பா?”

சாயா ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கவில்லை.

“அந்தப் போர்டு இன்னும் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“அத எடுங்க. அப்புறம் இந்தச் சீட்டெல்லாம் அதது எந்தப் புஸ்தகத்துல இருந்துச்சோ அதுக்குள்ள போடுங்க. மதி.”

மலையாளத்தில் போதும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் எழுந்தபோது, பையில் இருந்த என் புத்தகத்தைப் பார்த்து, “அது என்னா, அந்தப் புஸ்தகமா? வச்சிட்டுப் போங்க” என்றார்.

ஓட்டுநர் சந்தின் முனைவரை என்னோடு நடந்து வந்தார். ஆட்டோவை அவரே கை காட்டி நிறுத்தினார். நான் ஏறும்போது, “சாரே, ஒருநாள் அவ என்கிட்டக் கேட்டா, அந்தச் செயலாளர் என் சீட்டப் படிக்கிறாரான்னு. படிக்கிறாரு, சட்டைப்பையில வச்சுக்கிறாருன்னு சொன்னேன். அன்னிக்கு ரொம்ப சந்தோஷப்பட்டா” என்றார்.

மறுநாள் வாசகசாலைக்குப் போனேன். இப்போது அங்கே வருபவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். செய்தித்தாள் படித்துவிட்டுப் போவார்கள். புது செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட முப்பது வயது இளையவர்.  பிறகு ஏணியைக் கொண்டுவந்து, “நீங்க மாட்டினது, நீங்களே எடுங்க சார். நான் ஏணியப் புடிச்சுக்கறேன்” என்றார். நான்கு படி ஏறினேன். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. பலகையை இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சீட்டுகளைப் புத்தகங்களில் வைக்கும் வேலை எளிதாக முடியவில்லை. நாற்பத்து மூன்றில் பதினான்கு புத்தகங்கள்தான் அலமாரியில் இருந்தன. சிலவற்றைக் கறையான் தின்றிருந்தது. துப்பறியும் நாவல்களை யாரோ திருப்பித் தரவில்லை. அந்தக் குடும்ப நாவலை, தரமில்லை என்று நானே ஒரு பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பிராட்வேயில் பழைய புத்தகம் விற்கும் கடைகளில் தேடினேன். பனி பெய்யும் நாட்டின் நாவல் ஆலுவாவில் ஒரு நண்பர் வீட்டில் கிடைத்தது. வேறு பதிப்பு, ஆனாலும் வாங்கி வந்து உறை ஒட்டி அந்தச் சீட்டை வைத்தேன். சரித்திர நாவலின் மூன்று பாகங்களும் பத்திரமாக இருந்தன. அதை யாரும் எடுப்பதில்லை. மூன்றாம் பாகத்தின் உறையில் ‘தமிழனின் வீரத்தைப் பறைசாற்றும் காவியம்’ என்ற என் சீட்டு இருந்தது. அதை எடுத்துவிடத்தான் முதலில் தோன்றியது. எடுக்கவில்லை. அவருடைய சீட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். அடுத்து எடுப்பவர் இரண்டையும் படிக்கட்டும். புத்தகம் கிடைக்காத சீட்டுகள் டின்னோடு வாசகசாலை மேசையின்மேல் இருக்கின்றன.

நான்கு வாரம் கழித்து ஒரு காலையில் ஓட்டுநர் பஸ் பிடித்து வாசகசாலைக்கு வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார். என் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். “அவளுக்குத் தமிழு மறந்துபோச்சாம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சா. அதான் லேட்டு” என்றார். பின்னட்டைக்குள் அவர் மனைவியே ஒரு உறை செய்து ஒட்டியிருந்தார். கோணலாக இருந்தது. உள்ளே, நாட்காட்டித் தாளில், மலையாள எழுத்தில்:

‘நல்லா இருக்கிற எடமெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். சாரோட சொந்த எடம் ஒண்ணு புடிச்சுது. அம்மா செத்த வீட்டுல, அழாம, அலமாரியில புஸ்தகம் அடுக்கிக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்கீங்களே, அது. அங்க மட்டும் யாருக்கும் காட்டறதுக்காக எழுதல. ஆனா ரெண்டே வரியில ஓடிட்டீங்க. இன்னும் நாலு பக்கம் அங்க நின்னிருக்கலாம். மத்தபடி முன்னுரை நீளம்.’

அந்த இரண்டு வரிகளைப் பற்றி எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. எழுதும்போதே எனக்கு அவை வெட்கமாக இருந்தன. அச்சுக்குப் போகும்முன் எடுத்துவிட நினைத்து மறந்துபோனேன்.

மறுபதிப்பு வேண்டாம் என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். இங்கே எழுதியிருப்பதைத்தான் சுருக்கிச் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. இதை அச்சில் போடுவதற்குமுன் சுள்ளிக்கலுக்குப் போய் அந்த அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். ‘போடுங்க’ என்றார். இரண்டு இடத்தில் நான் என்னை அதிகமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்றும், அதுவும் காட்டுவதற்காகத்தான் என்றும் சொன்னார். அந்த இரண்டு இடங்களையும் எடுத்துவிட்டேன்.

இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கண் ஒத்துழைக்கிறது. அந்த நேரத்தில் எழுதுகிறேன். அம்மா இறந்த வீடு, அந்த அலமாரி, நான் அடுக்கிக்கொண்டிருந்த புத்தகங்கள். ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறது. அன்று ஒரு புத்தகத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு, பின்னால் நின்ற யாரோ சொன்னதும் திருப்பி வைத்தேன். யார் சொன்னது என்று நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.